மலையேறும் காரும் மின்னணுத் திராட்டிலும்
பழுதைக் கண்டறியும் நெறிமுறை

திருப்பதி நகரம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. திருமலையோ ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அலிபிரியில் தொடங்கும் மலைப்பாதையில் செல்லும் ஒவ்வொரு வண்டியும் இவ்விடைப்பட்ட 700 மீட்டரையும் தன் எஞ்சினின் வலிமையாலேயே கடக்க வேண்டும். முதல் மலைப்பாதை 1944-ஆம் ஆண்டிலும், இரண்டாவது பாதை 1974-ஆம் ஆண்டிலும் போக்குவரத்துக்குத் திறக்கப்பெற்றன. இப்பொழுது புதிய பாதையில் ஏறுவதும் பழைய பாதையில் இறங்குவதும் வழக்கமாக உள்ளது.

இப்பாதையின் வளைவுகளில் சில சமயங்களில் ஒரு விபரீதம் நேர்வதுண்டு. முதியோரும் குழந்தைகளும் அமர்ந்திருக்கும் ஒரு கார் நன்றாகவே ஏறிக்கொண்டிருக்கும். திடீரென்று ஓட்டுநரின் எதிரே எஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு எரியும். ஆக்ஸிலரேட்டர் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சின் செவிசாய்க்காது. பின்னால் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்க, வண்டி ஊர்ந்து செல்லும். அல்லது நின்றே விடும். சாவியைத் திருப்பி அணைத்து மறுபடியும் கிளப்பினால், ஒன்றுமே நடவாதது போல் வண்டி ஓடத் தொடங்குவதும் உண்டு.

அடிவாரத்திற்குத் திரும்பிய பின் அவ்வண்டி ஒரு பட்டறைக்குச் செல்கிறது. கணினிக் கருவியைப் பொருத்திப் பார்த்து, ‘திராட்டில் பழுது’ என்று கூறி, பல ஆயிரம் ரூபாய் பெறும் உறுப்பு ஒன்றை மாற்றுகிறார்கள். ஒரு மாதத்திற்குப் பின் அதே வளைவில் அதே விளக்கு மீண்டும் எரிகிறது. காரணம், பழுது அந்த உறுப்பில் இல்லை. துரு ஏறிய ஒரு எர்த் இணைப்பில் இருந்தது. உரிமையாளருக்குப் பணநஷ்டம்; மலைப்பாதையில் உடன் செல்வோருக்கோ உயிராபத்து. அளந்து பாராமல் உறுப்பை மாற்றுவதால் விளையும் தீங்கு இதுவே. அரசு வண்டிகளில் கிராமம் கிராமமாகச் செல்லும் களப்பணியாளர்களும், தொழிற்பயிற்சி மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இப்பழுதைக் கண்டறியும் முறையை அறிந்துகொள்வது மிகவும் பயன் தரும்.

கம்பியின் இடத்தில் மின்குறிப்பு

பெட்ரோல் எஞ்சினில் ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிவதற்கு எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே செல்கிறதோ அதற்கேற்பவே எஞ்சினின் ஆற்றல் அமைகிறது. காற்று செல்லும் குழாயில் பொருத்தப்பட்டுள்ள வட்டமான தகடே திராட்டில் தகடு ஆகும். அது திறந்தால் எஞ்சின் வேகம் கொள்ளும், மூடினால் அடங்கும்.

முற்காலத்துக் கார்களில் ஓட்டுநரின் காலடியிலுள்ள மிதியையும் இத்தகட்டையும் ஓர் எஃகுக் கம்பி இணைத்தது. கம்பி அறுந்தால் கண்ணால் காணலாம். இறுகினால் காலால் உணரலாம். 1980-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் விலையுயர்ந்த கார்கள் சிலவற்றில் இக்கம்பி நீக்கப்பட்டது. பின்னர் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக ஆக, சாதாரணக் கார்களிலும் கம்பியற்ற அமைப்பு பரவியது. பாரத் ஸ்டேஜ் ஆறாம் நிலை விதிகள் 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. இன்று இந்நாட்டில் விற்பனையாகும் புதிய கார்களில் மின்னணுத் திராட்டில் பொதுவான அமைப்பாகிவிட்டது.

இவ்வமைப்பில் மூன்று அங்கங்கள் உள்ளன. ஓட்டுநரின் விருப்பத்தை அளந்து கூறும் மிதி முதலாவது. அவ்விருப்பத்தையும், எஞ்சினின் வெப்பம், வேகம், சுமை ஆகியவற்றையும் சீர்தூக்கி முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுக் கணினி இரண்டாவது. அம்முடிவை நிறைவேற்றும் திராட்டில் பாடி மூன்றாவது. திராட்டில் பாடியினுள் சிறிய மின்மோட்டார் ஒன்றும், பற்சக்கரங்களும், வில்சுருள்களும், தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அளக்கும் உணர்விகளும் அடங்கியிருக்கின்றன. ஆகவே ஓட்டுநர் மிதியை அழுத்தும்பொழுது தகட்டைத் திறக்கவில்லை. திறக்கும்படி வேண்டுகோள் விடுக்கிறார் என்பதே பொருந்தும். திறப்பதா, எவ்வளவு திறப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது.

டீசல் எஞ்சினில் ஆற்றலை நிர்ணயிப்பது காற்றன்று, செலுத்தப்படும் எண்ணெயின் அளவே ஆகும். எனினும் இக்காலத்து டீசல் வண்டிகளிலும் மிதி மின்குறிப்பையே அனுப்புகிறது. மின்சாரக் கார்களிலும் அவ்வாறே. எனவே மிதியைப் பற்றிக் கூறுவன யாவும் அவ்வண்டிகளுக்கும் பொருந்தும்.

இரண்டு சாட்சிகள்

ஒரே ஒரு உணர்வியை நம்பி ஒரு வண்டியின் வேகத்தை ஒப்படைப்பது அபாயம். ஆதலால் மிதியில் இரண்டு உணர்விகளும், திராட்டில் பாடியில் இரண்டு உணர்விகளும் வைக்கப்படுகின்றன. நீதிமன்றத்தில் இரு சாட்சிகளின் வாக்குமூலத்தை ஒப்புநோக்குவது போல், கணினி இடைவிடாமல் இவ்விரண்டையும் ஒப்புநோக்குகிறது. முரண்பாடு கண்டால் இருவரையும் சந்தேகிக்கிறது.

இவ்விரு சாட்சிகளும் ஒரே சொல்லைச் சொல்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. பல வண்டிகளின் மிதியில் முதல் உணர்வி 0.8 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் வரை உயர்ந்தால், இரண்டாவது 0.4 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட் வரை, அதாவது சரிபாதியாக, உயரும். திராட்டில் பாடியில் பெரும்பாலும் ஒன்று உயர மற்றொன்று தாழும். இரண்டையும் கூட்டினால் எந்நிலையிலும் ஏறத்தாழ 5 வோல்ட்டாக இருக்கும். வண்டிக்கு வண்டி இவ்வளவுகள் மாறக்கூடுமாதலால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வேற்றுமையை ஏன் வைத்தார்கள்? இரண்டும் ஒரே அளவைக் காட்டுவனவாக இருந்து, அவற்றின் கம்பிகள் உராய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், இரு சாட்சிகளும் ஒத்துப் பொய்யுரைப்பர். கணினிக்கு அது தெரியாது. ஒன்று மற்றொன்றில் பாதியாகவோ, எதிர்த்திசையிலோ அமைந்திருந்தால், கம்பிகள் ஒட்டிக்கொண்ட கணமே அவ்விகிதம் கெட்டு, பழுது வெளிப்பட்டுவிடும். பழைய உணர்விகளில் கரிப்பூச்சின் மேல் ஒரு முள் உராய்ந்து செல்லும்; நாளடைவில் அப்பூச்சு தேயும். புதிய உணர்விகள் பலவும் காந்தப்புலத்தைக் கொண்டு தொடாமலே அளப்பவை. அவற்றில் இத்தேய்வு இல்லை.

சாட்சிகள் முரண்பட்டால் கணினி பாதுகாப்பான வழியைத் தேர்கிறது. மிதியின் ஓர் உணர்வி மட்டும் கெட்டால், மற்றொன்றை நம்பிக் குறைந்த ஆற்றலுடன் வண்டியை ஓட விடுவதுண்டு. தகட்டின் நிலையே ஐயத்திற்குரியதானால் மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. அப்பொழுது வில்சுருள்கள் தகட்டைச் சிறிதளவு திறந்த ஒரு நிலையில் நிறுத்துகின்றன. எஞ்சின் அணையாமல், ஊர்ந்து செல்லப் போதுமான காற்று மட்டும் கிடைக்கிறது. சமவெளியில் இது நன்மையே. மலைப்பாதையின் வளைவில், நிறைந்த பாரத்துடன் செல்லும் வண்டிக்கு இதுவே சோதனையாகிவிடுகிறது. வண்டியை மறுபடியும் கிளப்பும்பொழுது கணினி யாவற்றையும் புதிதாகச் சோதிக்கிறது. அக்கணத்தில் இணைப்பு சரியாக இருந்தால் வண்டி வழக்கம் போல் ஓடும். எனவே ‘அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது’ என்பது பழுது நீங்கியதற்கு அடையாளமன்று. விட்டுவிட்டு வரும் பழுது என்பதற்கே அடையாளம்.

மலையின் இயல்பா, வண்டியின் பழுதா?

உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. திருப்பதியைவிடத் திருமலையில் காற்றின் அடர்த்தி சுமார் 6 முதல் 8 சதவிகிதம் வரை குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினின் உச்ச ஆற்றலும் ஏறத்தாழ அதே அளவு குறையும். ‘மலையில் வண்டி இழுக்கவில்லை’ என்ற குறைபாட்டிற்கு இதையே காரணமாகச் சிலர் கூறுவர். ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும்.

பயணிகளுடன் சேர்த்து 1,500 கிலோகிராம் நிறையுள்ள கார் 700 மீட்டர் ஏற, 1,500-ஐ 9.8-ஆலும் 700-ஆலும் பெருக்க, ஏறத்தாழ 1 கோடியே 3 லட்சம் ஜூல் வேலை செய்ய வேண்டும். அரை மணி நேரத்தில், அதாவது 1,800 விநாடிகளில், ஏறினால் சராசரியாக 6 கிலோவாட்டுக்கும் குறைந்த ஆற்றலே மலையேற்றத்திற்குச் செலவாகிறது. சக்கரங்களின் உராய்வு, காற்றின் எதிர்ப்பு, குளிர்சாதனம் ஆகியவற்றிற்கு மேலும் சில கிலோவாட் வேண்டும். வளைவுகளில் வேகம் கூட்டும்பொழுது தற்காலிகமாக இன்னும் கூடுதலாக வேண்டும். ஒரு சிறிய காரின் எஞ்சின்கூட 50 கிலோவாட் அளவில் ஆற்றல் தரவல்லது. அதில் 7 சதவிகிதம் குறைந்தால் வண்டி சற்றுச் சோர்வாகத் தோன்றலாமே ஒழிய, ஊர்ந்து செல்லாது. ஆகவே எச்சரிக்கை விளக்கு எரிய வண்டி முடங்கினால், பழியை மலையின் மீது சுமத்துவது தவறு.

எனினும் மலை ஒன்றைச் செய்கிறது. சமவெளியில் சிறிதளவே திறக்கப்படும் தகடு இங்கே அகலமாகவும் அடிக்கடியும் திறந்து மூடுகிறது. எஞ்சின் அறையின் வெப்பம் உயர்கிறது. வளைவுகளில் எஞ்சின் தன் தாங்கிகளின் மேல் அசைவதால் கம்பிக் கட்டுகள் இழுபடுகின்றன. ஆதலால் சமவெளியில் மறைந்து கிடக்கும் தளர்ந்த இணைப்பு ஒன்று இங்கே வெளிப்படுகிறது. சித்தூரிலிருந்து பலமநேர் நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள மொகிலி மலைப்பாதை ஏற்றத்திலும் இவ்வாறே நிகழக்கூடும். மலை பழுதை உண்டாக்குவதில்லை. மறைந்திருந்த பழுதைக் காட்டிக் கொடுக்கிறது.

சோதனையின் வரிசை

பழுதறிதலில் வரிசை மிக முக்கியமானது. எளியதும் செலவற்றதுமான சோதனை முதலில் வர வேண்டும். உறுப்பை மாற்றுவது இறுதியில் வர வேண்டும்.

முதலாவது, ஓட்டுநரை விசாரித்தல். வண்டி சூடேறிய பிறகு நேர்ந்ததா, காலையில் கிளப்பியவுடன் நேர்ந்ததா? மழைக்குப் பின்னரா, எஞ்சின் அறையைத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிய பின்னரா? அண்மையில் பாட்டரி மாற்றப்பட்டதா? பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒருங்கே மிதிக்கும் பழக்கம் உண்டா? கடைசிக் கேள்வி அற்பமானதன்று. இரண்டும் ஒருசேர மிதிக்கப்பட்டால் எஞ்சினின் ஆற்றலைக் குறைக்கும்படி பல கார்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஏற்றத்தில் வண்டி பின்வாங்காதிருக்க இரு மிதிகளையும் பயன்படுத்துவோருக்கு இது பழுதாகவே தோன்றும். பிரேக் விளக்குச் சுவிட்சு கெட்டு, மிதிக்காத பொழுதும் மிதித்ததாகத் தெரிவித்தாலும் இதே விளைவு உண்டாகும்.

இரண்டாவது, கண்ணால் காணுதல். மிதியின் கீழ் தரைவிரிப்பு மடிந்து சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறதா, காற்றுக் குழாயில் பிளவு உண்டா என்பதையும் கவனிக்க வேண்டும். காட்டை அடுத்த இடங்களில் இரவு முழுவதும் நிறுத்தப்படும் வண்டிகளில் எலிகள் கம்பிகளைக் கடித்துவிடுவது சாதாரணமாக நிகழ்வதே. கனெக்டர்களைக் கழற்றிப் பச்சை நிறத் துரு, ஈரம், வளைந்த முனைகள் ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பாட்டரியையும் மின்னூட்டத்தையும் அளத்தல். நிறைந்த பாட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்பொழுது பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை இருக்கும். மின்னழுத்தம் தாழ்ந்தால் திராட்டில் மோட்டார் தன் வேலையைச் செய்ய இயலாமல் கணினி பழுதென்று பதிவு செய்துவிடும். திருப்பதிக்கு அருகிலுள்ள கரகம்பாடியில் பாட்டரி உற்பத்தி பெருந்தொழிலாக விளங்குகிறது. அப்பகுதியிலேயே, ஒரு நலிந்த பாட்டரியால் விளைந்த குறைக்காக நல்ல திராட்டில் பாடி தூக்கி எறியப்படுமானால் அது விந்தையான வீண்செலவாகும்.

நான்காவது, கணினியின் பதிவைப் படித்தல். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைகளைக் கொண்ட கனெக்டரில் ஸ்கேனரைப் பொருத்தினால் குறியீட்டு எண்கள் தோன்றும். அவற்றோடு, பழுது நேர்ந்த கணத்தில் வண்டியின் வேகம், எஞ்சினின் வெப்பம், சுமை ஆகியவை என்னவாக இருந்தன என்ற பதிவும் கிடைக்கும். இவற்றைக் குறித்துக்கொள்ளும் முன் பாட்டரி முனையைக் கழற்றி ‘எண்ணை அழிப்பது’ சாட்சியத்தை அழிப்பதற்கு ஒப்பாகும். அதனால் கணினி கற்றுவைத்திருந்த மந்த ஓட்ட நிலையும் சில வண்டிகளில் அழிந்து, இல்லாத குறை ஒன்று புதிதாக முளைக்கும்.

ஐந்தாவது, உயிரோட்டமான அளவுகளை நோக்குதல். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, மிதியை மிக மெதுவாக அழுத்தி விட வேண்டும். இரு உணர்விகளின் வோல்ட் அளவுகளும் இடையில் துள்ளாமல் சீராக உயர்ந்து சீராகத் தாழ வேண்டும். அவற்றின் விகிதமும் மாறாதிருக்க வேண்டும். இதே வேளையில் கம்பிக் கட்டை மெல்ல அசைத்துப் பார்த்தல் நன்று. அசைக்கும்பொழுது அளவு துள்ளினால் பழுது கம்பியிலோ கனெக்டரிலோ உள்ளது.

ஆறாவது, மல்டிமீட்டரால் நேரடியாக அளத்தல். உணர்விக்குக் கணினி அனுப்பும் 5 வோல்ட் முழுமையாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் மீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், சிவப்பு முனையை உணர்வியின் எர்த் கம்பியிலும் வைத்து, சாவி திறந்த நிலையில் அளக்க வேண்டும். அது 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நலம். அதற்கு மேல் இருந்தால் எர்த் வழியில் எங்கோ தடை உள்ளது. இச்சோதனைக்கு ஐந்து நிமிடமும் ஒரு சாதாரண மீட்டரும் போதும். எனினும் பட்டறைகளில் பெரிதும் விட்டுவிடப்படுவது இதுவே.

ஏழாவது, திராட்டில் பாடியைப் பரிசோதித்தல். எஞ்சினிலிருந்து மீண்டு வரும் எண்ணெய் ஆவியும் தூசியும் சேர்ந்து தகட்டின் விளிம்பில் கரிய பிசினாகப் படிகின்றன. நீண்ட வரிசைகளில் வண்டி நின்ற நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் இப்படிவு மிகும். சாவியை நீக்கி, கனெக்டரைக் கழற்றிய பின்னரே இப்பகுதியில் கை வைக்க வேண்டும். மோட்டார் திடீரென இயங்கினால் விரல் நசுங்கும். உரிய துப்புரவுத் திரவத்தில் நனைத்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். தகட்டை வலிந்து நெம்பக்கூடாது. துடைத்த பின் கையேட்டில் கூறியவாறு மந்த ஓட்ட நிலையைக் கணினிக்கு மறுபடியும் கற்பிக்க வேண்டும்.

இவ்வேழு படிகளிலும் குறை காணப்படாமல், மோட்டாரும் பற்சக்கரங்களும் கட்டளைக்கு இணங்கவில்லை என்று உறுதியானால் மட்டுமே திராட்டில் பாடியை மாற்ற வேண்டும். எதைச் சரிசெய்தாலும், பழுது நேர்ந்த அதே நிலையில், அதாவது சூடேறிய எஞ்சினுடன் ஏற்றமான சாலையில், பயணிகளின்றி ஓட்டிப் பார்த்த பிறகே வண்டியை ஒப்படைத்தல் முறை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

குறியீட்டு எண்கள் பலராலும் தவறாகப் பொருள் கொள்ளப்படுகின்றன. ‘பி2135’ என்பது திராட்டிலின் இரு உணர்விகளும் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டுமே கூறுகிறது. ‘பி2138’ என்பது மிதியின் இரு உணர்விகளைப் பற்றி அவ்வாறே கூறுகிறது. ‘பி0122’ திராட்டில் உணர்வியின் குறிப்பு மிகத் தாழ்ந்ததையும், ‘பி0123’ மிக உயர்ந்ததையும் தெரிவிக்கின்றன. ‘பி2101’ மோட்டாரின் மின்சுற்று எதிர்பார்த்தவாறு இயங்கவில்லை என்கிறது. ‘பி2111’ தகடு திறந்தபடியும், ‘பி2112’ மூடியபடியும் சிக்கியதைக் குறிக்கின்றன.

இவற்றுள் எதுவும் ‘இவ்வுறுப்பை மாற்றுக’ என்று சொல்லவில்லை. நோயாளிக்குக் காய்ச்சல் என்று வெப்பமானி காட்டுவது போன்றதே இது. காய்ச்சல் உண்மை, அது மலேரியாவா, டைபாய்டா என்பதை மேற்கொண்டு சோதித்தே அறிய வேண்டும். ‘பி2135’ தோன்றுவதற்குத் தேய்ந்த உணர்வி காரணமாகலாம். கடிபட்ட கம்பி, ஈரம் புகுந்த கனெக்டர், கெட்ட எர்த், குறைந்த 5 வோல்ட் ஆகிய ஒவ்வொன்றும் காரணமாகலாம். எண் ஒரு மின்சுற்றைச் சுட்டுகிறது, ஓர் உறுப்பையன்று.

உலகம் கற்ற பாடம்

இத்துறையில் பெரும் விசாரணை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. டொயோட்டா கார்கள் ஓட்டுநரின் விருப்பமின்றி வேகமெடுத்ததாக 2009, 2010-ஆம் ஆண்டுகளில் புகார்கள் எழுந்தன. அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் வேண்டுகோளின்படி விண்வெளி நிறுவனமான நாஸாவின் பொறியியலாளர்கள் ஆராய்ந்து, 2011 பிப்ரவரியில் அறிக்கை வெளியிடப்பட்டது. கட்டுக்கடங்காத வேகத்தை உண்டாக்கக்கூடிய மின்னணுக் குறை எதையும் தாங்கள் காணவில்லை என்று அவர்கள் கூறினர். மிதியில் சிக்கிய தரைவிரிப்புகளும், எளிதில் மீளாத மிதிகளும் அதற்கு முன்னரே குறைகளாக ஏற்கப்பட்டு வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டிருந்தன. ஆயினும் விவாதம் அத்துடன் ஓயவில்லை. 2013-இல் ஓக்லஹோமா மாநில நீதிமன்றம் ஒன்றில், கணினியின் நிரலில் குறைகள் இருந்தன என்ற நிபுணர் சாட்சியத்தைக் கேட்ட ஜூரிகள் நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தனர்.

நாஸாவின் ஆய்வில் வெளிப்பட்ட ஒரு செய்தி பழுதறிவோர்க்கு மிகவும் பயனுள்ளது. பழுதுற்ற மிதி ஒன்றின் உணர்வியில், வெள்ளீயப் பூச்சிலிருந்து முளைத்த மயிரினும் மெல்லிய உலோக இழை ஒன்று இரு சுற்றுகளையும் இணைத்திருந்தது காணப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத இழை ஒன்று சாட்சியைப் புரட்டிவிட முடியும் என்பதையும், அளவீடே அதைக் காட்டித் தரும் என்பதையும் இது உணர்த்துகிறது.

வகுப்பறையில் ஒரு பரிசோதனை

இத்தத்துவத்தை எந்தப் பள்ளியிலும் குறைந்த செலவில் விளக்கிக் காட்டலாம். கைபேசிக்கு மின்னேற்றும் 5 வோல்ட் சார்ஜர் ஒன்று, 10 கிலோ ஓம் அளவுள்ள இரண்டு மாறுமின்தடைகள், 1 கிலோ ஓம் மின்தடை ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று ஆகியவை போதும். மாறுமின்தடை என்பது வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்க உதவும் திருகேயாகும்.

இரு மாறுமின்தடைகளையும் 5 வோல்ட்டுக்கும் எர்த்துக்கும் இடையே இணைக்கவும். இரண்டாவதன் வெளிமுனைகளை மாற்றி இணைத்தால், திருகும்பொழுது ஒன்று உயர மற்றொன்று தாழும். இரண்டையும் சம அளவில் திருகி, நடுமுனைகளின் வோல்ட்டுகளைப் படித்துக் கூட்டினால், எந்நிலையிலும் விடை 5 ஆகவே வரும். அடுத்து, இரண்டிற்கும் பொதுவான எர்த் கம்பியின் வழியில் 1 கிலோ ஓம் மின்தடையைச் செருகவும். இது துருப்பிடித்த எர்த் இணைப்புக்கு ஒப்பானது. இப்பொழுது கூட்டுத்தொகை ஏறத்தாழ 5.8 வோல்ட்டாகிவிடும்.

உணர்விகள் இரண்டும் நல்லவை. அவற்றில் எதையும் தொடவில்லை. ஆயினும் கணக்கு கெட்டுவிட்டது. புதிய மாறுமின்தடைகளை வாங்கிப் பொருத்தினாலும் விடை மாறாது. எர்த் வழியைச் சரிசெய்த கணமே 5 வோல்ட் மீண்டுவிடும். மாணவர்கள் இதைத் தம் கையால் செய்து பார்த்த பின், ‘குறியீட்டு எண் உறுப்பைச் சுட்டவில்லை’ என்பதை ஒருபோதும் மறவார்கள்.

பாதையில் நின்றுவிட்டால்

மலைப்பாதையில் ஆற்றல் குறைந்தவுடன் அபாய விளக்குகளை எரியவிட்டு, இடப்பக்கமாக ஒதுங்கி, வளைவைக் கடந்த நேரான இடத்தில் நிறுத்த முயல வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்பொழுது சாவியை அணைக்கலாகாது. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி குறைந்துவிடும். நின்ற பின் கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்திற்குக் கல் வைத்து, அதன் பின்னரே எஞ்சினை அணைத்துச் சற்று நேரங்கழித்துக் கிளப்பிப் பார்க்கலாம். வண்டி சரியாக ஓடினாலும், பாதுகாப்பான இடம் வரையில் மட்டுமே செல்வது விவேகம்.

இதற்கு மாறாக, மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் எஞ்சின் அடங்காமல் வேகமெடுத்தால், பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே மூச்சில் உறுதியாக அழுத்த வேண்டும். திராட்டில் திறந்திருக்கையில் பிரேக்கைப் பலமுறை மிதித்தால் அதற்குத் துணைபுரியும் வெற்றிடம் தீர்ந்துவிடும். உடனே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வண்டி நின்ற பிறகு எஞ்சினை அணைக்க வேண்டும்.

கம்பி இருந்த காலத்தில் பழுதைக் கண்ணும் காலும் அறிந்தன. கம்பி மறைந்த இக்காலத்தில் அவ்வேலையை மீட்டரும், அதைப் பொறுமையுடன் பயன்படுத்தும் பயிற்சியுமே செய்ய வேண்டும். வண்டியில் எப்பொழுதும் ஒரு மல்டிமீட்டரை வைத்திருப்பதும், பதிவான எண்ணையும் அளந்த வோல்ட்டையும் வண்டியின் குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் களப்பணியாளர் மேற்கொள்ளத்தக்க நற்பழக்கங்கள். அக்குறிப்பேடு இருந்தால், அடுத்த முறை அவ்வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் எங்கே அளக்கத் தொடங்க வேண்டும் என்பதை முதல் பார்வையிலேயே அறிந்துகொள்வார்.